மெழுகு, மீனெண்ணெய், அப்புறம் எங்க அப்பாவோட பைபர் போட்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. அசைன்மென்ட், பரீட்சை, வாடகை, பார்ட் டைம் வேலைன்னு வண்டி ஓடிக்கிட்டு இருக்கு. இதுல அந்தப் பார்ட் டைம் வேலை ஒரு பழைய கதையைக் கிளறி விட்டுருச்சு. அதை எழுதலைன்னா தூக்கம் வராது போல இருக்கு, அதான் உட்கார்ந்துட்டேன். கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து படிங்க.

நான் இருக்கிறது மேய்ஸ் ஹில். சிட்னி மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மத்தவங்களுக்காக: பரமட்டாவை ஒட்டி, கிரேட் வெஸ்டர்ன் ஹைவே மேல இருக்கிற சின்னப் பேட்டை. நம்ம சிட்னி முருகன் கோயில் இங்கதான். வீட்டிலிருந்து நடந்தே போயிடலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊர் ஞாபகம் வந்தா அங்க போய் உட்கார்ந்துக்குவேன். கடல் மட்டும் கிடையாது. சிட்னி நகரமே இங்கிருந்து இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில அலைச் சத்தத்துல தூங்கி எழுந்தவன், ஹைவே லாரிச் சத்தத்துல தூங்குறேன்.

கடல்தான் என்னை விடலை. எனக்குக் கிடைச்ச வேலை, போட் கழுவி மெழுகு போடுறது! மரினாவில் வரிசையா நிற்கும் பணக்கார போட்டுகளைத் தேய்ச்சு, கழுவி, பஃபிங் மெஷின் ஓட்டி, பளபளன்னு ஆக்கித் தரணும். மாணவர் விசாவுக்கு ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அதில் பாதி நேரம் நான் போட்டுக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறேன். "மீன்பிடிக்கிறவன் புள்ள படிக்கப் போறேன்னு போயி, அங்கயும் போட்டத்தான் தொடைக்கிறான்"னு அம்மா போன்ல சிரிக்குது.

சரி, விஷயத்துக்கு வருவோம். போட் வச்சிருக்கிறவங்க எல்லாரும் கேட்கும் கேள்வி ஒண்ணுதான். வாக்ஸ் போடலாமா, செராமிக் கோட்டிங் போடலாமா?

இதுக்குப் பதில் சொல்லணும்னா போட்டோட மேல்தோல் என்னன்னு முதல்ல தெரியணும். இப்ப ஓடுற போட்டுகளில் பெரும்பாலானவை கண்ணாடி இழையைப் பாலியஸ்டர் பிசினில் ஊற வச்சு, அடுக்கடுக்கா ஒட்டி வார்த்தவை. நம்மூர்ல பைபர்னு சொல்றோமே, அதுதான். அதுக்கு மேல அரை மில்லிமீட்டர் கனத்துக்கு வண்ணப்பிசின் ஒண்ணு இருக்கும், பேரு ஜெல்கோட். நீங்க பார்க்கிற பளபளப்பு பூரா அந்த அரை மில்லிமீட்டர்தான். அதோட முதல் எதிரி தண்ணி இல்லை, வெயில். வெயில்ல இருக்கிற புறஊதாக் கதிர் அந்தப் பிசினைக் கொஞ்சம் கொஞ்சமா உடைச்சு மாவாக்கிடும். பழைய பைபர் போட்டை விரலால தடவிப் பாருங்க, கோலமாவு மாதிரி வெள்ளையா ஒட்டும்.

மெழுகு இந்தத் தோல் மேல படுத்துக்கிட்டு வெயிலையும் உப்பையும் தான் வாங்கிக்கும். நல்ல மெழுகில் இருப்பது கர்னாபா. பிரேசிலோட வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து தட்டி எடுப்பது. (ஆமாங்க, பனைதான். நம்ம பனைக்கு ஒண்ணு விட்ட அண்ணன் தம்பி முறை.) சில மாசம் தாங்கும், அப்புறம் மறுபடி போடணும். செராமிக் கோட்டிங்னு விக்கிறது சிலிக்கா சேர்ந்த திரவம். தடவினா காத்துப்பட்டு இறுகி, கண்ணுக்கே தெரியாத மெல்லிசான கடினப் படலமா ஒட்டிக்கும். மெழுகை விட ரொம்ப நாள் நிக்கும், விலையும் அதுக்குத் தகுந்த மாதிரி. ஆனா மாவு பூத்த தோல் மேல அப்படியே தடவினா அழுக்கை உள்ள வச்சுப் பூட்டின மாதிரி ஆயிடும். முதல்ல தேய்ச்சுப் பழைய தோலை எடுக்கணும். அந்தத் தேய்ப்புதான் பெரிய வேலை. நம்ம தோள்பட்டை போற இடம் அதுதான். இன்னொண்ணு, வாக்ஸோ செராமிக்கோ தண்ணிக்கு மேல இருக்கிற பகுதிக்குத்தான். தண்ணிக்குள்ள எப்பவும் கிடக்கிற அடிப்பாகத்துக்குக் கதையே வேற.

ஆக என்னோட நேர்மையான பதில்: ரெண்டுமே நல்லதுதான், நீங்க அடுத்த தடவை எப்ப வருவீங்கங்கிறதைப் பொறுத்தது. வேலை தர்றவருக்கு இந்தப் பதில் பிடிக்காது. "ஒரு தடவை போட்டா போதும், அப்புறம் ஒண்ணும் செய்ய வேணாம்னு சொல்லு"ங்கிறார்.

ஒண்ணும் செய்ய வேணாம். இந்த வார்த்தையைத்தான் நான் வேற ஒரு இடத்துல கேட்டிருக்கேன். அதுக்கு அப்புறம் வரேன்.

எங்க தாத்தா கிட்ட இருந்தது கட்டுமரம். அதுக்கு அவர் எண்ணெயும் பூசலை, மெழுகும் பூசலை, தாரும் பூசலை. கடலிலிருந்து வந்ததும் கயித்தை அவிழ்ப்பார். மரம் தனித்தனியா பிரிஞ்சிடும். ரெண்டு ரெண்டு பேரா தூக்கி மணல்ல பரப்பி வெயில்ல போட்டுடுவாங்க. மறுநாள் விடியறதுக்கு முன்னாடி மறுபடி சேர்த்துக் கட்டி, தள்ளிக்கிட்டுப் போவாங்க. சின்னப் பிள்ளையில எனக்கு இது வெட்டி வேலையாத் தெரியும். தினமும் எதுக்கு அவிழ்க்கணும், தினமும் எதுக்குக் கட்டணும்?

இங்க வந்து படிச்சப்புறம்தான் விளங்குச்சு. வெப்பமண்டலக் கடலில் மரத்துக்கு எமன் ஒரு புழு. பார்க்கப் புழு, உண்மையில் சிப்பி இனம். வெளியில குண்டூசித் துளைதான் தெரியும், உள்ள மரம் தேன்கூடா ஆகியிருக்கும். ஐரோப்பியக் கப்பல்களை எல்லாம் அழ வச்ச ஜந்து. அதுக்கு ஒரு பலவீனம், மரம் நல்லா காய்ஞ்சு போனா உயிர் வாழாது. மரத்தைத் தினமும் காயப் போட்டா அதால குடியேறவே முடியாது. மரம் தண்ணி குடிச்சுக் கனத்துப் போகவும் செய்யாது. கட்டுமரத்துக்குப் பூசுற பூச்சு வெயில்தான்! காசில்லாத பூச்சு, தினமும் ஒரு கோட்டு.

இது எத்தனை நாள் பழக்கம்னு நினைக்கிறீங்க? கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ்ங்கிற வணிகர் கையேடு நம்ம கிழக்குக் கரையைப் பத்திச் சொல்லும்போது, மரங்களைச் சேர்த்துக் கட்டின 'சங்கரா'ங்கிற கலங்களைக் குறிப்பிடுது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மதராஸ் மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னல்னு ஒரு வெள்ளைக்காரர், இந்தியப் படகுகளைக் கரை கரையாப் போய்ப் பார்த்து, 1920-ல் ஒரு பெரிய ஆய்வே வெளியிட்டார். எங்க தாத்தா மாதிரி ஆளுங்களோட மரத்தை மதிச்சு அளந்து எழுதின மனுஷன். அவர் மேல எனக்குத் தனி மரியாதை உண்டு.

பலகையால செஞ்ச கலங்களைத் தினமும் பிரிச்சுக் காயப் போட முடியாது. அங்கதான் பூச்சு வருது. பதிமூணாம் நூற்றாண்டுக் கடைசியில் பாரசீக வளைகுடாவில் ஓர்முஸ் துறைமுகத்துக் கப்பல்களைப் பார்த்த மார்க்கோ போலோவுக்குப் பயங்கர அதிர்ச்சி. ஆணி இல்லை, தென்னங்கயிறு போட்டுப் பலகையைத் தைச்சிருக்காங்க, தார் இல்லை, மீனெண்ணெய் பூசியிருக்காங்க, இதுல ஏறினா உயிருக்கு உத்தரவாதம் இல்லைன்னு புலம்பித் தள்ளியிருக்கார். அரபிக் கடல் முழுக்க அந்தக் கலங்கள்தான் நூற்றாண்டுக் கணக்கா ஓடிக்கிட்டு இருந்தது. சென்னையில் துறைமுகம் கட்டுற வரைக்கும், நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து துரைமார்களையும் மூட்டை முடிச்சுகளையும் கரை சேர்த்ததும் இப்படி ஆணியில்லாமத் தைச்ச மசூலா படகுகள்தான். அலை அடிச்சா ஆணி அடிச்ச படகு பிளந்துடும், தைச்ச படகு நெளிஞ்சு கொடுக்கும்.

மீனெண்ணெயோட நாத்தம் அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும். மலபார்க் கரையில் மத்தி எண்ணெய், வேற இடங்களில் சுறா ஈரல் எண்ணெய். கேரளக் கரையில் முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெயும் பூசுவாங்க. தோலில் பட்டா கொப்புளம் போடும், புழுவுக்கும் அதே கதிதான். முந்திரி பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டு வந்தது. நான் இன்னிக்குத் தடவுற கர்னாபா மெழுகுக்கும் சொந்த ஊர் அதே வடகிழக்கு பிரேசில் பக்கம்தான். படகுக்குப் பூசுற சமாச்சாரம் எல்லாம் ஏன் ஒரே ஊர்லேர்ந்து வருதுன்னு யோசிச்சுக்கிட்டே பஃபிங் மெஷின் ஓட்டினா நேரம் போறதே தெரியாது.

பலகை இடுக்கை அடைக்க இன்னொரு வித்தை. குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி, பஞ்சோ நாரோ தோய்ச்சு இடுக்கில் அடிச்சு இறுக்கணும். தண்ணிக்குக் கீழ சுண்ணாம்பையும் எண்ணெயையும் அரைச்சுக் கனமாப் பூசணும். இந்த இடுக்கு அடைக்கிற வேலைக்குத் தமிழில் ஒரு சொல் உண்டு, கலப்பற்று. பேச்சில் கலப்பத்து. கலம், பற்றுன்னு பிரிச்சுப் பார்த்துட்டு, அடடா சுத்தத் தமிழ்ச் சொல்னு ஒரு நாள் முழுக்கப் பெருமையா இருந்தேன். அப்புறம் பார்த்தா போர்த்துகீசியத்தில் இந்த வேலை செய்றவருக்குப் பேர் கலஃபாத்தே, அதுக்கு மூலம் அரபு. சொல்லும் கப்பல்லதான் வந்திருக்கு :-)

குங்கிலியம், சுண்ணாம்பு, மெழுகு, பஞ்சு... இந்தப் பட்டியலை எங்கயோ கேட்ட மாதிரி இருந்துச்சு. ஒரு வெள்ளிக்கிழமை கோயில்ல உட்கார்ந்திருக்கும்போது சட்டுனு பொறி தட்டிச்சு. அஷ்டபந்தனம்! கும்பாபிஷேகத்தில் சாமி சிலையைப் பீடத்தோடு சேர்த்து இடுக்கை அடைப்பாங்களே, மருந்து சாத்துறதுன்னு. கொம்பரக்கு, குங்கிலியம், வெண்மெழுகு, சுக்கான் தூள், கற்காவி, செம்பஞ்சு, எருமை வெண்ணெய் எல்லாம் சேர்த்து உரல்ல இடிச்சு வச்ச சாந்து. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பழசைச் சுரண்டி எடுத்துட்டுப் புதுசு சாத்தணும்கிறது மரபு. சாமிக்கே ஒரு தடவை போட்டா போதும்னு எவனும் சொல்லலை பாருங்க.

அதே கோயில் வாசலில்தான் ஒரு வல்வெட்டித்துறைக்கார அங்கிளோட பழக்கம் ஆச்சு. எழுபதைத் தாண்டினவர். நான் செய்ற வேலையைக் கேட்டதும், "தம்பி, நீர் அன்னபூரணியை அறிவீரோ?"ன்னார். நான் ஏதோ சாப்பாட்டுக்கடைன்னு நினைச்சு முழிச்சேன். அவர் தலையில் அடிச்சுக்கிட்டார். "அமெரிக்கா வரைக்கும் போன எங்கட ஊர்க் கப்பல் தம்பி, அது!"

வல்வெட்டித்துறையில் உள்ளூர் மேஸ்திரிகள் கட்டின பாய்மரக் கப்பல் அன்னபூரணி. நீளம் தொண்ணூறு அடிக்குப் பக்கம். சின்ன பாய்ப்படகில் உலகம் சுத்தி வந்த வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன்ங்கிற அமெரிக்கர் அதைப் பார்த்து மயங்கி விலைக்கு வாங்கி, தன் மனைவி பேரைச் சூட்டி, ஃப்ளாரன்ஸ் சி. ராபின்சன் ஆக்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிக்கிட்டுப் போய் 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தாங்க. அங்கிள் இதைச் சொல்லும்போது கப்பலை அவரே ஓட்டிட்டுப் போன மாதிரி நெஞ்சு நிமிர்ந்து இருந்துச்சு.

நான் வீட்டுக்கு வந்து குளொஸ்டரைப் பத்தித் தேடினேன். தேடினா, நம்ம கதையோட அடுத்த அத்தியாயம் அந்த ஊர்லயே இருக்கு!

அதுக்கு முன்னாடி செம்பைப் பத்திச் சொல்லணும். மேல சொன்னேனே, தண்ணிக்குள்ள கிடக்கிற அடிப்பாகத்துக்குக் கதையே வேறன்னு. அங்க புழு துளைக்கும், பாசியும் ஒட்டுச்சிப்பியும் அப்பிக்கும், கப்பல் வேகம் குறையும். 1770-ல் கேப்டன் குக் இந்த ஆஸ்திரேலியக் கிழக்குக் கரைக்கு வந்த எண்டெவருக்குச் செம்புத் தகடு கிடையாது, மேலே ஒரு அடுக்கு மரப்பலகைதான் கவசம். பவளப்பாறையில் மோதி, ஒட்டுப் போட்டு, படேவியா போய் (இன்னிக்கு ஜகார்த்தா) கவிழ்த்துப் பார்த்தா, சில பலகைகளைப் புழு தின்னு ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு கனம்தான் மிச்சம் இருந்துச்சாம். அந்தக் கப்பலோட நகல் ஒண்ணு இங்க டார்லிங் ஹார்பரில், கடல்சார் அருங்காட்சியகத்தில் நிக்குது. சிட்னி வந்தா போய்ப் பாருங்க.

பிரிட்டிஷ் கடற்படை 1761-லேயே அலார்ம்ங்கிற கப்பலின் அடிப்பாகத்தில் செம்புத் தகடு அடிச்சுச் சோதிச்சிருந்தது. ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தா புழுவும் இல்லை, சிப்பியும் இல்லை. ஆனா செம்பு பக்கத்தில் இருந்ததால இரும்பு ஆணியெல்லாம் அரிச்சுக் கொட்டியிருந்துச்சு. அப்புறம் செம்புத் தகடே அரிக்குதேன்னு 1820-களில் ஹம்ஃப்ரி டேவிகிட்ட போனாங்க. பெரிய விஞ்ஞானி. இரும்புத் துண்டை செம்போட சேர்த்து வச்சா செம்பு அரிக்காதுன்னு கண்டுபிடிச்சுக் கொடுத்தார். செம்பும் அரிக்கலை. ஆனா கப்பல் அடியில் சிப்பி மறுபடி அப்ப ஆரம்பிச்சுது! செம்பு கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சு விஷமாப் போனதாலதான் சிப்பி ஒட்டாம இருந்திருக்கு. பூச்சைக் காப்பாத்தினா, பூச்சு கப்பலைக் காப்பாத்த மாட்டேங்குது. இந்த இடத்தைப் படிச்சப்ப நான் தனியா உட்கார்ந்து சிரிச்சேன்.

அடுத்த படிதான் குளொஸ்டர். அந்த ஊர் மீன்பிடிக் கப்பல்காரங்களுக்குச் செம்புத் தகடு வாங்கக் கட்டுப்படி ஆகலை. 1863-ல் டார், வொன்சன்னு ரெண்டு பேர் செம்பு ஆக்சைடைத் தாரில் கலந்து, தூரிகையால அடிக்கிற பெயின்ட்டா ஆக்கிக் காப்புரிமை வாங்கினாங்க. கப்பல் அடியில் அடிக்கிற செம்புப் பெயின்ட்டோட ஆரம்ப காலம் அது. அந்தச் சிவப்புக் கட்டடம் குளொஸ்டர் துறைமுக வாயிலில் இன்னிக்கும் நிக்குது. 1938-ல் உள்ள நுழைஞ்ச வல்வெட்டித்துறை மாலுமிகள் கண்ணில் அது படாம இருந்திருக்க வாய்ப்பே இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அங்கிள்கிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்ப எங்கட ஆக்கள் ஒரு டின் வாங்கிக் கொண்டு வந்திருக்கலாம்"ன்னார்.

செம்பு விஷம்னா, அதுக்கப்புறம் வந்தது மகா விஷம். இருபதாம் நூற்றாண்டில் டிரைபியூட்டைல் டின் கலந்த பெயின்ட் வந்து, பிரான்சில் அர்க்காஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பையே கவுத்துட்டுது. உலக அளவிலான தடை 2008-ல்தான் அமலுக்கு வந்தது. அது தனிப் பதிவாகவே எழுத வேண்டிய சமாச்சாரம், இப்ப வேணாம்.

இனிமேதான் எங்க வீட்டுக் கதை.

கண்ணாடி இழைப் படகு 1940-களில் அமெரிக்காவில் தொடங்கினது. நம்மாளுங்ககிட்ட அது வந்த வழியில் ஒரு தமிழர் இருக்கார். 1956-ல் நார்வே போன அந்தோனி ராஜேந்திரம். அங்க போன முதல் தமிழர்னு சொல்லுவாங்க. அங்கே மீன்பிடித் தொழிலைப் பார்த்துட்டு, நார்வே மக்களிடம் பணம் திரட்டி, 1967-ல் சீ-நோர்ங்கிற அமைப்பைத் தொடங்கினார். குருநகரில் வலை ஆலை, காரைநகரில் படகுத் தளம். பைபர் போட் யாழ்ப்பாணக் கடலுக்கு வந்த கதையில் அதுக்குப் பெரிய இடம் உண்டு. தமிழ்நாட்டுப் பக்கம், ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தோட வங்காள விரிகுடாத் திட்டம் 1979-லிருந்து சென்னையில் உட்கார்ந்து, கரையில் இறக்கக்கூடிய புதுப் படகுகளைச் சோதிச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தது. ஆனாலும் எங்க கரையில் கட்டுமரம்தான் ராஜா, 2004 டிசம்பர் 26 வரைக்கும்.

எனக்கு அப்ப நாலு வயசு. ஞாபகம்னு பெருசா ஒண்ணும் இல்லை, அம்மா என்னை இடுப்புல வச்சுக்கிட்டு ஓடினது மட்டும் இருக்கு. தாத்தாவோட மரம் உடைஞ்சு எங்கயோ போயிடுச்சு. அடுத்த வருஷம் உதவி செய்ய வந்தவங்க எல்லாரும் பைபர் போட்டாக் கொடுத்தாங்க. கரை முழுக்க வெள்ளை வெள்ளையா, புதுசா. உதவின மனசைக் குறை சொல்ல மாட்டேன். அவசர அவசரமா ஏகப்பட்ட பட்டறைகள் முளைச்சு, அச்சில் வார்த்து வார்த்துத் தள்ளினாங்க. நல்லதும் இருந்துச்சு, சோப்பு டப்பா கனத்துல இருந்ததும் இருந்துச்சு. எங்களுக்குக் கிடைச்சது ரெண்டாவது ரகம். யார் கொடுத்தாங்கங்கிறது இங்க வேணாம்.

போட்டைக் கொண்டு வந்து இறக்கின அன்னிக்கு நடந்ததை அப்பா நூறு தடவை சொல்லியிருக்கார். தாத்தா போட்டைச் சுத்திச் சுத்தி வந்தாராம். குனிஞ்சு அடியில் பார்த்தாராம். அப்புறம் கொண்டு வந்தவர்கிட்ட, "தம்பி, இத எப்படிப்பா காய வைக்கிறது?"ன்னு கேட்டிருக்கார். அவர் சிரிச்சுட்டு, "இது பைபரு தாத்தா. காயவே வைக்க வேணாம். ஒண்ணும் செய்ய வேணாம்"னாராம்.

ஒண்ணும் செய்ய வேணாம்.

தாத்தா கேட்டது ரொம்பச் சரியான கேள்வி. அதுக்கு வந்த பதில்தான் பாதி. புழு இந்தப் போட்டைத் தின்னாதுங்கிறது உண்மை, காய வைக்க வேணாம்கிறதும் உண்மை. ஆனா அதுவரைக்கும் எங்களுக்குக் கூட்டாளியா இருந்த வெயில், இந்தப் போட்டுக்கு எதிரின்னு யாரும் சொல்லலை. அதனால எங்க ஆளுங்க என்ன செஞ்சாங்க? காலங்காலமா செஞ்சதையே செஞ்சாங்க. கரைக்கு இழுத்து, நல்லா வெயில் படுற மாதிரி மணல்ல போட்டாங்க. வருஷம் முழுக்க, நாகப்பட்டினம் வெயில்ல! மூணு வருஷத்துல வெள்ளை மங்கிச்சு. அப்புறம் மாவு பூத்துச்சு. அதுக்கப்புறம் இழை வெளியே எட்டிப் பார்க்க ஆரம்பிச்சுது. வேட்டியில் உரசினா அரிக்கும். மணல்ல இழுத்து இழுத்து அடிப்பக்கமும் தேய்ஞ்சுது, அதையும் சேர்த்துச் சொல்லணும், எல்லாப் பழியையும் வெயில் மேல போட முடியாது. தண்ணி இழை வழியா உள்ள ஏற, போட் கனத்துப் போச்சு. அதே இஞ்சினுக்கு டீசல் கூடுதலாக் குடிச்சுது. 2013-ல் தாத்தா போறதுக்கு முன்னாடியே அந்த போட்டும் படுத்துடுச்சு. கட்டுமரம் பழசானா அடுப்பெரிக்கலாம். பைபரை எரிக்கவும் முடியாது. ரொம்ப நாள் அது வீட்டுக்குப் பின்னாடி கவிழ்ந்து கிடந்துச்சு, ஆடு நிழலுக்கு ஒதுங்கும்.

அடுத்த போட்டைக் கடன் வாங்கித்தான் எடுத்தோம். அதோட கடைசித் தவணையை அடைச்சதில் என்னோட இந்த மெழுகுக் காசும் கொஞ்சம் உண்டு. அதை நினைச்சா ஒரு மாதிரி இருக்கும். இங்க வருஷத்துக்குப் பத்து நாள் தண்ணியில் இறங்குற போட்டுக்கு நாலு மாசத்துக்கு ஒரு தடவை மெழுகு, மேல துணி உறை, நிழல். அங்க வருஷம் பூரா சோறு போடுற போட் வெயில்ல வெந்துக்கிட்டு நிக்குது. பணம் மட்டும் காரணம்னா நான் ஒத்துக்க மாட்டேன். ஒரு டப்பா மெழுகு விலை, அப்பாவுக்கு ஒரு நாள் டீசல் காசுகூட ஆகாது. மரம் போய் பைபர் வந்தப்ப, எதிரி மாறிட்டான்னு யாரும் வந்து சொல்லலை, அவ்வளவுதான். தாத்தா கேட்டும் சொல்லலை.

போன வாரம் அப்பா வீடியோ கால் போட்டார். செகண்ட் ஹேண்டா ஒரு போட் விலைக்கு வருதாம், இப்ப இருக்கிறதைத் தள்ளிட்டு அதை எடுக்கலாமான்னு யோசனை. "நீதான் அங்க போட்டு டாக்டராச்சே, பாத்துச் சொல்லுடா"ன்னார். நக்கல்தான், ஆனா பாதி நிஜம்.

"விரலால தடவிப் பாருங்கப்பா."

தடவிட்டு விரலை கேமரா முன்னாடி காட்டினார். வெள்ளையா ஒட்டியிருந்துச்சு.

"இது மேல்தோல்தான், தேய்ச்சு எடுத்துடலாம். இழை எங்கயாச்சும் தெரியுதா?"

"இல்ல. வழவழன்னுதான் இருக்கு."

"ஒரு காசு எடுத்து அடிப்பக்கம் பூராத் தட்டிக்கிட்டே வாங்க. டங்குன்னு கேட்டா நல்லது. பொத்துன்னு கேட்டா உள்ள அடுக்கு பிரிஞ்சிருக்கு, தண்ணி போயிருக்கு."

அப்பா காசைத் தேடினார். அஞ்சு ரூபாய் நாணயம். அணியத்துலேர்ந்து தட்ட ஆரம்பிச்சார். டங், டங், டங். பாதி தூரம் போனதும் நின்னுட்டார்.

"எங்கப்பாவும் மரத்த அவுக்கும்போது இப்படித்தாண்டா தட்டுவாரு. காஞ்சிருக்கான்னு பாக்க."

"நீங்க தட்டுங்கப்பா, நான் கேக்குறேன்."

பின்பக்கம் இஞ்சின் மாட்டுற இடத்துக்குக் கீழ, ஒரு முழம் அகலத்துக்குப் பொத்துன்னு கேட்டுச்சு. அதை வச்சு விலையைக் குறைச்சுக் கேட்கச் சொல்லியிருக்கேன். குறைச்சா எடுத்துக்கிட்டு, அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து அடுக்குப் போட்டுக்கலாம். வாங்கினதும் ஒரு பழைய தார்ப்பாய் போட்டு மூடி வைங்கன்னும் சொன்னேன். "கடக்கரையில எல்லாரும் சிரிப்பானுவடா, போட்டுக்குப் போர்வை போத்துறான்னு"ன்னார். அடுத்த மாசம் ஊருக்குப் போற ஃப்ரெண்டு ஒருத்தன் பெட்டியில் ரெண்டு டப்பா மெழுகு கொடுத்து விடுறேன்.